உரக்கக் கூவினால் உடையும் ஒலி

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதைக் கண்ணால் கண்டு இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் முதியவர்கள். இராமேசுவரம் தீவிலுள்ள ஒரு பள்ளியின் மாணவர்கள் அப்படிப்பட்ட பெரியவர் ஒருவரைப் பேசச் செய்து வீடியோப் படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் தணிந்த குரலில், ஏறக்குறைய முணுமுணுப்பாகவே, பேச்சைத் தொடங்குகிறார். குரல் சரியாகப் பதியவில்லையே என்று மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியின் திருகைக் கூட்டிவைக்கிறார்கள். கால் மணி நேரம் கழித்து, அலை ஊருக்குள் புகுந்த கட்டத்தைச் சொல்லும்போது, அன்று தம் தம்பியை எப்படிக் கூவி அழைத்தாரோ அப்படியே அவர் கூவிக் காட்டுகிறார்.

வீட்டுக்கு வந்து கணிப்பொறியில் போட்டுக் கேட்டால், மற்றதெல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்த ஒரு கூவல் மட்டும் கரகரவென்று உடைந்து கிடக்கிறது. "ஐயா, இன்னொரு தடவை கூவுங்கள்" என்று கேட்க யாருக்கு மனம் வரும்? கேட்டாலும் அந்தக் குரல் திரும்ப வருமா?

இதே நிகழ்ச்சியை 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதியும் கருவி கொண்டு எடுத்திருந்தால், உடைந்ததுபோல் தோன்றும் அந்தக் கூவலைப் படத்தொகுப்பு மென்பொருளில் சற்றுக் குறைத்தவுடன் முழுமையாகக் கேட்டிருக்கலாம். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நீங்கள் படிக்கும் அறிவியல் குறியீடுதான் இங்கே வேலை செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம். மைக்ரோபோன் அதை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. ஒலிப்பதிவுக் கருவிக்குள் இருக்கும் எண்ணாக்கி அந்த மின்னழுத்தத்தை இடைவிடாமல் அளந்து எண்களாக எழுதிக்கொண்டே போகிறது. வீடியோ வேலைகளில் வினாடிக்கு 48,000 முறை அளப்பது வழக்கம். பேச்சை இப்படி எண்களாக்கி அனுப்பலாம் என்ற கருத்தை 1937இல் பாரிசில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலப் பொறியாளர் வகுத்தார். அன்றைய வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அதை மலிவாகச் செய்ய வழியில்லாததால், அது பரவலாக நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுட்பமாக அளக்கிறோம் என்பது மற்றொன்று. பிட் என்ற சொல் இரண்டாவதைச் சேர்ந்தது. மாணவர்கள் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். விளம்பரங்களும் அந்தக் குழப்பத்தை வளர்க்கின்றன.

16 பிட் என்றால் 2இன் 16ஆம் அடுக்கு, அதாவது 65,536 படிகள். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு இந்த அளவையே கொண்டது. நடுவே சுழி, மேலே 32,767 வரை, கீழே -32,768 வரை. மின்னழுத்தம் எந்தப் படிக்கு அருகில் இருக்கிறதோ, அந்தப் படியின் எண் எழுதப்படும். ஒரு பிட் கூடினால் படிகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. மின்னழுத்தம் இரட்டிப்பது டெசிபெல் கணக்கில் ஏறத்தாழ 6 டெசிபெல் ஆகும். ஆகவே 16 பிட்டுக்கு 96 டெசிபெல். 24 பிட்டுக்கு 144 டெசிபெல். மிகத் தாழ்ந்த படிக்கும் மிக உயர்ந்த படிக்கும் இடையேயுள்ள வீச்செல்லை இதுதான்.

ஆய்வகத்தில் 5 வோல்ட் வரை காட்டும் வோல்ட்மீட்டரை 12 வோல்ட் மின்கலத்தில் இணைத்தால் என்ன ஆகும்? முள் கோடிவரை ஓடி, அங்குள்ள முளையில் முட்டி நின்றுவிடும். மின்னழுத்தம் 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பது அந்த முள்ளைப் பார்த்துத் தெரியாது. பெரியவரின் கூவலுக்கு நேர்ந்தது இதுவேதான். அலையின் முகடு 32,767ஐத் தாண்டியபோதெல்லாம் கருவி 32,767 என்றே எழுதிக்கொண்டு போயிற்று. முகடுகள் கத்தரியால் நறுக்கியதுபோல் தட்டையாகிவிட்டன. தட்டை முகடு கொண்ட அலையில், மூலக் குரலில் இல்லாத மேல்தொனிகள் புதிதாகப் புகுந்துவிடுகின்றன. கரகரப்பு என்று காது உணர்வது அவற்றையே. பின்னர் ஒலியைக் குறைத்தால் தட்டை முகடு சிறிய தட்டை முகடாகுமே தவிர, வெட்டுப்பட்ட பகுதி திரும்ப வராது. அது எழுதப்படவே இல்லை.

சரி, திருகை மிகவும் குறைத்து வைத்துவிட்டால்? முள் முட்டாது. ஆனால் வேறு தொல்லை வரும். 5 வோல்ட் மீட்டரில் மில்லிவோல்ட்டை அளக்க முயல்வதைப் போன்றது அது. உச்ச அளவுக்கு 80 டெசிபெல் கீழே பதிவான ஒலிக்கு 16 பிட் முறையில் மேலே 3 படி, கீழே 3 படி, நடுவே சுழி, ஆக ஏழே படிகள்தான் கிடைக்கும். ஏழு படிகளைக் கொண்டு ஒரு மனிதக் குரலின் வளைவுகளை எப்படி வரைவது?

24 பிட்டின் நிம்மதி

தொழில்முறை ஒலிப்பதிவாளர்கள் 24 பிட்டை விரும்புவது இதனால்தான். அதில் 1,67,77,216 படிகள் உண்டு. எதிர்பாராத கூவலுக்கு இடம் விட்டு, வழக்கமான பேச்சை உச்ச அளவுக்கு 20 டெசிபெல் கீழே பதிகிறார்கள். 20 டெசிபெல்லுக்கு மூன்றரைப் பிட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. மீதி இருபது பிட்டுகள் இருக்கின்றன. 16 பிட்டில் இந்தத் தாராளம் இயலாது.

24 பிட்டின் கடைசிப் படிகள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா? இயற்பியல் இங்கே குறுக்கே நிற்கிறது. 1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சன், எந்த மின்தடையிலும் எலெக்ட்ரான்களின் வெப்ப இயக்கத்தால் ஓர் இரைச்சல் மின்னழுத்தம் எழுகிறது என்று அளந்து காட்டினார். அதே கூடத்தின் நைக்விஸ்ட் அதற்கான கோட்பாட்டைத் தந்தார். அறை வெப்பநிலையில் 150 ஓம் மின்தடை ஒன்று, 20,000 ஹெர்ட்ஸ் அகல அலைவரிசையில், ஏறத்தாழ 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தருகிறது. இப்போது -1 வோல்ட்டிலிருந்து +1 வோல்ட் வரையுள்ள இடைவெளியை 24 பிட் படிகளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு படி 0.12 மைக்ரோவோல்ட். வெறுமனே சும்மா கிடக்கும் ஒரு மின்தடையின் நடுக்கமே ஒரு படியைவிடப் பெரிது! ஆகவே 144 டெசிபெல் என்பது கோப்பின் கொள்ளளவு மட்டுமே. நல்ல எண்ணாக்கிகள் நடைமுறையில் எட்டுவது 120 டெசிபெல் சுற்றளவைத்தான். அண்டா பெரிது என்பதற்காகக் கிணற்றில் நீர் கூடிவிடுவதில்லை அன்றோ?

புள்ளி மிதக்கிறது

இனி 32 பிட்டுக்கு வருவோம். "24ஐவிட 8 பிட் அதிகம், ஆகவே 48 டெசிபெல் கூடும்" என்று கணக்குப் போட்டால் அது தவறு. இங்கே எண்ணை எழுதும் முறையே வேறு.

நான்கு இலக்கங்கள் மட்டுமே எழுத இடமுள்ள ஒரு நோட்டை எண்ணிக்கொள்ளுங்கள். 9,999 வரை எழுதலாம். 23,456 வந்தால் இடமில்லை. 9,999 என்று எழுதிவிட்டுக் கைவிட வேண்டியதுதான். 0.02345 வந்தால் 0000 என்றாகிவிடும். இப்போது அதே நோட்டில் அறிவியல் குறியீட்டைப் பயன்படுத்துவோம். முன்னது 2.346 பெருக்கல் பத்தின் 4ஆம் அடுக்கு, பின்னது 2.345 பெருக்கல் பத்தின் -2ஆம் அடுக்கு. இரண்டிலும் நான்கு இலக்க நுட்பம் அப்படியே இருக்கிறது. அடுக்குக்கு மட்டும் ஒரு சிறு கட்டம் தனியாக ஒதுக்கினால் போதும். புள்ளி தேவைக்கேற்ப நகர்வதால் இதற்கு மிதவைப் புள்ளி எண் என்று பெயர்.

கணிப்பொறி இதையே இரண்டின் அடுக்குகளில் செய்கிறது. 1985இல் வெளியிடப்பட்ட ஐ.இ.இ.இ. 754 என்ற தர நிர்ணயத்தின்படி, 32 பிட்டில் 1 பிட் குறிக்கு, 8 பிட் அடுக்குக்கு, 23 பிட் இலக்கப் பகுதிக்கு. இரும எண்ணில் முதல் இலக்கம் எப்போதும் 1தான் என்பதால் அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். எனவே 23 பிட்டில் 24 பிட் நுட்பம் கிடைத்துவிடுகிறது. சிக்கனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு!

கோப்பில் உச்ச அளவை 1.0 என்று குறிக்கிறார்கள். ஆனால் 1.0 ஒரு சுவர் அன்று. ஓர் அடையாளக் கோடு மட்டுமே. கூவல் 1.7 என்றாலும் 17 என்றாலும் எழுத இடம் உண்டு. இம்முறையில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் ஏறத்தாழ 3.4 பெருக்கல் பத்தின் 38ஆம் அடுக்கு. உச்சக் கோட்டுக்கு மேலே 770 டெசிபெல்! ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இயற்கை எல்லை சொல்கிறேன். கடல்மட்டக் காற்றில் சிதையாத ஒலி அலை ஏறத்தாழ 194 டெசிபெல்லைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் போனால் அலையின் பள்ளத்தில் காற்றழுத்தம் சுழியாகிவிடும். வெற்றிடத்தைவிடக் குறைந்த அழுத்தம் ஏது? ஆகவே காற்று தாளாத ஒலிக்குக்கூட இந்தக் கோப்பில் இடமுண்டு.

ஆனால் கோப்பில் இடமிருந்தால் மட்டும் போதாது. அளக்கும் எண்ணாக்கி முட்டி நின்றால் என்ன செய்வது? 2019இல் வந்த ஜூம் எஃப்6 போன்ற கருவிகளில் ஒவ்வொரு ஒலிவழிக்கும் இரண்டு எண்ணாக்கிகளை வைத்தார்கள். ஒன்று மெல்லிய ஒலிக்கு, மற்றது உரத்த ஒலிக்கு. ஒரே மின்கலத்தில் 1 வோல்ட் மீட்டரையும் 100 வோல்ட் மீட்டரையும் சேர்த்து இணைத்துவிட்டு, எதன் முள் நல்ல நிலையில் இருக்கிறதோ அதைப் படிப்பதைப் போன்ற ஏற்பாடு. கருவியே இரண்டையும் பொருத்தி ஒரே மிதவைப் புள்ளி எண்ணாக எழுதிவிடுகிறது.

மைக்ரோபோனின் மென்தகடே தாங்கமுடியாத அளவுக்கு ஒலி வந்து மோதினால், அல்லது எண்ணாக்கிக்கு முந்தைய மிகைப்பியே நிறைந்துபோனால், 32 பிட் எதையும் காப்பாற்றாது. அதேபோல் 16 பிட்டில் உடைந்த ஒலியை 32 பிட் கோப்பாக மாற்றிச் சேமிப்பதாலும் பயன் இல்லை. கிழிந்த காகிதத்தைப் பெரிய உறையில் போட்டதாகத்தான் அது முடியும்.

தொகுப்பு மேசையில்

பதிவு ஒரு பக்கம் இருக்க, படத்தொகுப்பின்போது நடப்பவற்றை மாணவர்கள் கவனிப்பதில்லை. அங்கே ஒலி பல கைகள் மாறுகிறது. முதலில் பேச்சைக் குறைக்கிறோம். பிறகு கடலோசையைச் சேர்க்கிறோம். மீண்டும் மொத்தத்தைக் கூட்டுகிறோம். ஒவ்வொன்றும் ஒரு பெருக்கல் அல்லது கூட்டல்.

முழு எண்களில் இதைச் செய்து பாருங்கள். 999, 1001, 1003 என்ற மூன்று மாதிரிகளை எட்டில் ஒரு பங்காகக் குறைப்போம். 124.875, 125.125, 125.375. முழு எண்ணாக்கினால் மூன்றுமே 125. மறுபடி எட்டால் பெருக்கினால் மூன்றுமே 1000. மூன்று வெவ்வேறு ஒலி அளவுகள் ஒன்றாகிவிட்டன. திரும்பப் பிரிக்க வழியில்லை. மிதவைப் புள்ளியில் எட்டால் வகுப்பது அடுக்கில் 3ஐக் கழிப்பது மட்டுமே. இலக்கப் பகுதியைத் தொடுவதே இல்லை. கூட்டலிலும் இப்படித்தான். பேச்சு 0.7, கடலோசை 0.7 என்ற இரண்டு முகடுகள் ஒரே கணத்தில் சேர்ந்தால் 1.4. முழு எண் முறையில் அங்கேயே வெட்டு விழும். மிதவைப் புள்ளியில் 1.4 என்றே நிற்கும். கடைசியில் மொத்தத்தையும் குறைத்துக்கொள்ளலாம். பிரீமியர் புரோ, ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் உள்ளுக்குள் 32 பிட் மிதவைப் புள்ளியில் கணக்கிடுவதன் காரணம் இதுவே.

எல்லா மென்பொருளும் அப்படியென்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் கோப்பை உள்ளே கொண்டுவரும்போதோ, இடைக்கால நகலை எழுதும்போதோ 16 பிட்டாகக் குறைந்துவிடக்கூடும். ஒரு எளிய சோதனை செய்யலாம். உச்சக் கோட்டைத் தாண்டிய மிதவைப் புள்ளிக் கோப்பு ஒன்றை உள்ளே கொண்டுவாருங்கள். 20 டெசிபெல் குறையுங்கள். அலையின் முகடுகள் உருண்டு திரும்பினால் நல்லது. தட்டையாகவே இருந்தால், வழியில் எங்கோ முழு எண்ணாக்கிவிட்டார்கள் என்று பொருள்.

மிதவைப் புள்ளியிலிருந்து முழு எண்ணுக்கு இறங்கும் அந்த ஒரு படி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒலியோடு தொடர்பில்லாத ஒரு சான்று உண்டு. 1996 ஜூன் 4ஆம் தேதி பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ தளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. அதன் திசையறி கணிப்பொறியில், கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் கட்டளை இருந்தது. பழைய ஏரியான் 4க்காக எழுதியது அது. புதிய ராக்கெட் அதைவிட வேகமாகக் கிடைத்திசையில் சென்றதால், அந்த எண் 32,767ஐத் தாண்டிற்று. மாற்ற இயலாமல் கணிப்பொறி நின்றது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கணிப்பொறியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் நின்றது. புறப்பட்ட ஏறத்தாழ 40 வினாடிகளில் ராக்கெட் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களோடு சிதறியது. நம் பெரியவரின் கூவலை வெட்டியதும் அதே 32,767தான்!

ஒலி மென்பொருள் அப்படி நின்றுவிடாது. எல்லை தாண்டியதை எல்லையிலேயே நிறுத்தி வெட்டிவிடும். ஆகவே இறுதிக் கோப்பை எழுதுமுன் மொத்த ஒலியளவின் முகடு 1.0க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது தொகுப்பவரின் வேலை.

இரைச்சல் செய்யும் உதவி

கேட்பவருக்குக் கடைசியில் 16 பிட்டே போதுமானது என்பது என் கருத்து. அமைதியான அறையிலும் 30 டெசிபெல் பின்னணி ஒலி இருக்கும். அதன் மேல் 96ஐக் கூட்டினால் 126. அது காது வலிக்கும் அளவு. அதிகப் பிட்டுகள் வேலை செய்வதற்குத் தேவை, கேட்பதற்கு அல்ல.

ஆனால் 16க்கு இறங்கும்போது ஒரு நுட்பம் கைக்கொள்ள வேண்டும். ஒரு படியின் கால் பங்கு, அதாவது 0.25 அளவுள்ள மெல்லிய ஒலி இருக்கிறது. முழு எண்ணாக்கினால் எப்போதும் 0. ஒலி மறைந்தே போகும். இப்போது வேண்டுமென்றே அரைப்படி மேலும் கீழுமாக அலையும் ஓர் ஒழுங்கற்ற இரைச்சலை அதோடு கூட்டிவிட்டு முழு எண்ணாக்குவோம். நான்கில் ஒரு முறை 1 வரும். மூன்று முறை 0 வரும். சராசரி 0.25! தொலைந்த ஒலி இரைச்சலின் நடுவே உயிரோடு இருக்கிறது. காது அதைப் பிரித்துக் கேட்டுவிடுகிறது. இதை டிதர் என்கிறார்கள். படங்களை எண்ணாக்குவதில் இம்முறையை லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்பவர் 1962இல் விளக்கி எழுதினார். எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியில் ஒரே ஒருமுறை மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

48,000 ஏன்?

குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகள், வீடியோவில் 48,000. இந்த வேறுபாடு பலரைக் குழப்புகிறது. 44,100 என்ற விந்தையான எண்ணே வீடியோவிலிருந்துதான் வந்தது. அந்நாளில் எண்ணாக்கிய ஒலியைப் பதிய வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரிகள், ஒரு புலத்துக்கு 245 வரிகள், வினாடிக்கு 60 புலங்கள்: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 3, 294, 50 ஆகியவற்றைப் பெருக்கினாலும் அதே எண்தான். சினிமாவில் வினாடிக்கு 24 சட்டங்கள். 48,000ஐ 24ஆல் வகுத்தால் சட்டத்துக்குச் சரியாக 2,000 மாதிரிகள். 44,100ஐ வகுத்தாலோ 1,837.5. அரை மாதிரியை எங்கே வெட்டுவது? ஆகவே கருவியிலும் மென்பொருளிலும் முதலிலேயே 48,000 என்று வைத்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

ஆடாசிட்டி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 440 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை, 0.5 அளவில், 5 வினாடிக்கு உண்டாக்குங்கள். வெட்டுப்படுவதை அனுமதிக்கும் கட்டத்தைக் குறித்துவிட்டு 20 டெசிபெல் கூட்டுங்கள். திரையில் அலை மொட்டையாகத் தெரியும். உடனே 20 டெசிபெல் குறையுங்கள். பழைய அலை அப்படியே திரும்பும். அடுத்து அந்த ஒலிவழியின் வடிவத்தை 16 பிட்டாக மாற்றிவிட்டு இதே இரண்டு செயல்களையும் மறுபடி செய்யுங்கள். இம்முறை மொட்டை மொட்டையாகவே இருக்கும். இரண்டையும் போட்டுக் கேட்டால், பெரியவரின் கூவலுக்கு நேர்ந்தது என்ன என்று காதுக்கே தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1991இல் வந்த வேவ் கோப்பு முறையில் கோப்பின் நீளத்தை எழுத 32 பிட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே கோப்பு 4,29,49,67,296 பைட்டைத் தாண்ட முடியாது. 32 பிட், இரண்டு ஒலிவழி, வினாடிக்கு 48,000 மாதிரி என்றால் வினாடிக்கு 3,84,000 பைட் செலவாகும். வகுத்துப் பார்த்தால் 3 மணி 6 நிமிடத்தில் கோப்பு நிறைந்துவிடுகிறது. பல கருவிகள் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். உங்கள் கருவி அப்படிச் செய்யுமா என்பதைப் பெரியவரின் வீட்டுக்குப் புறப்படுமுன்பே ஒரு முறை நீண்ட நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே மைக்ரோபோன், ஒரே ஒலிவழி என்றால் எவ்வளவு நேரம் கிடைக்கும்?